பழைய குழாய்க்கு யார் பணம் கொடுப்பது? கடலூர் தெருவுக்கு ஒரு கணக்கு

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வேப்பமரம் சாய்ந்தது. வேர் பிடுங்கிக்கொண்டு வந்த மண்ணோடு ஒரு குழாயும் மேலே வந்துவிட்டது. கட்டைவிரல் பருமன், மங்கலான சாம்பல் நிறம். இரும்பு என்றுதான் நினைத்தோம். வேலை பார்க்க வந்தவர் சாவியை எடுத்து ஒரு கீறு கீறினார். கீறிய இடம் வெள்ளி மாதிரி மின்னியது. "இது இரும்பு இல்லீங்க, காரீயம். உங்க தாத்தா காலத்துல போட்டிருப்பாங்க" என்றவர், இரண்டு கையாலும் பிடித்து அதை வளைத்தும் காட்டினார். தேவனாம்பட்டினத்தில் வலையில் கட்டும் ஈயக்குண்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே நிறம், அதே கனம்.

உடைந்த மூன்றடியை வெட்டி எடுத்துவிட்டு பிவிசி போட்டு மூடினோம். மீதிக் குழாய் மண்ணுக்குள், தெருவில் ஓடும் பெரிய மெயின் குழாய் வரைக்கும் போகிறது. அது என்ன ஆனது என்று அன்று நான் கேட்கவில்லை. ஊரே இருட்டில் கிடந்தது, தண்ணீர் வந்தால் போதும் என்று இருந்தோம். அதைக் கேட்காமல் விட்டது தப்பு என்று இப்போது தெரிகிறது.

எங்கள் தெருவில் மெயின் குழாயை மாற்றும் பேச்சு வந்திருக்கிறது. மெயினிலிருந்து வீட்டுக்குள் வரும் துண்டுக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டம் இரண்டு தடவை நின்றுபோனது. ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஈயச் சொம்புல ரசம் வெச்சுத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். குழாயில் இருப்பது காரீயம். பெயரில் உறவு இருந்தாலும் இரண்டும் வேறு வேறு உலோகம். காரீயம் நஞ்சு. தண்ணீரில் கரைந்தால் நிறமோ மணமோ ருசியோ காட்டாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தொடும். படிப்பு, கவனம், நடத்தை எல்லாமே அதில் அடிபடும். உடம்பில் இவ்வளவு வரை இருந்தால் கெடுதலில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 இதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கிறாள். அந்தக் குழந்தையின் சாப்பாடு முழுக்கத் தண்ணீர்தான். இந்த விஷயத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தையின் பால் பாட்டில்தான் ஞாபகம் வருகிறது.

நம் ஊரில் முழுக்கக் காரீயத்தால் ஆன குழாய் எல்லா வீட்டிலும் இருக்காது. பழைய வீடுகளில் இப்படித் துண்டு துண்டாக இருக்கும். பழைய வார்ப்பிரும்பு மெயின்களில் மூட்டுக்கு மூட்டு சணல் திரியைத் திணித்து, உருக்கிய காரீயத்தை ஊற்றி அடைத்திருப்பார்கள். பித்தளைக் குழாய்த் தலையிலும் கொஞ்சம் காரீயம் கலந்திருக்கும். பிவிசி குழாயைக் கெட்டிப்படுத்தவும் காரீயச் சேர்மங்களைப் பயன்படுத்திவந்தார்கள், அதைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு விதி கொண்டுவந்ததே 2021இல்தான். ஆக, 2011இல் நான் போட்ட அந்த மூன்றடியும் சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது. இன்னொன்று, நமக்குத் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. விட்டு நின்றபின் குழாயில் தங்கிய தண்ணீர் மறுநாள் வரை அப்படியே கிடக்கிறது. உலோகம் கரைய அந்த நேரம் போதும். மறுநாள் முதல் குடத்தில் விழுவது அந்தத் தண்ணீர்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கூட்டத்தில் சுலபமாக வாயில் வருவது, "அவரவர் வீட்டுக் குழாயை அவரவர் மாத்திக்கட்டும்" என்பதுதான். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. இணைப்பு வாங்கும்போது டெபாசிட், ரோடு கட்டிங் சார்ஜ் எல்லாம் நாம்தானே கட்டினோம்? ஆனால் எங்கள் தெருவில் வீடு வீடாக நடந்து பார்த்தால் இது எங்கே உடைகிறது என்று தெரியும். பாதிக்கு மேல் வாடகை வீடு. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், அந்தத் தண்ணீரை அவர் குடிப்பதில்லை. குடிப்பவர் 11 மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார். அடுத்தவன் வீட்டு மண்ணுக்குள் ஏன் காசு போட வேண்டும் என்று அவர் நினைப்பதைத் தப்பு சொல்ல முடியாது. இரண்டு பேருமே கை வைக்க மாட்டார்கள், குழாய் அப்படியே கிடக்கும்.

இதை வேறு ஊரில் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், வீட்டுக்காரர் தன் பங்கைக் கட்டினால்தான் முழுக் குழாயும் மாறும் என்று வைத்திருந்தார்கள். 2009 முதல் 2018 வரை நடந்த மாற்றங்களை அலசியபோது, வசதியான பகுதிகளில்தான் முழுக் குழாயும் அதிகமாக மாறியிருந்தது, ஏழைகள் வாழும் பகுதிகள் பின்தங்கியிருந்தன. பாதியில் விட்ட வீடுகளின் நிலைமை இன்னும் மோசம். பழைய காரீயக் குழாயை வெட்டும்போது உள்ளே படிந்திருந்த படலம் அசைந்து உதிரும். அதனால் கொஞ்ச காலத்துக்குத் தண்ணீரில் காரீயம் முன்பைவிடக் கூடும். அரைகுறையாக மாற்றுவது மாற்றாமல் விடுவதைவிட ஆபத்தாகலாம். புயலுக்குப் பிறகு என் வீட்டில் நான் செய்த வேலை அதுதான். அப்போது என் மகளுக்கு மூன்று வயது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்கு போட்டுச் செய்வதே நடக்காது என்று இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரம் 2001இல் தொடங்கிப் பத்து வருடத்தில் சுமார் 8,000 குழாய்களையும் மாற்றி முடித்தது. வீட்டுக்காரர் செலவில் பாதியை, 1,000 டாலர் வரை, நகரம் திருப்பிக் கொடுத்தது. தண்ணீர்க் கட்டணத்திலிருந்து அதை எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் செல்போன் ஆண்டெனா வைக்க வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தை எடுத்தார்கள். கடை வாடகை, சந்தைக் குத்தகை என்று வருமானம் பார்க்கும் நம் மாநகராட்சிகளுக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஆனால் மாடிசனில் மாற்றியே ஆக வேண்டும் என்று நகரச் சட்டம் இருந்தது. கட்டாயமும் கைகொடுப்பும் சேர்ந்து இருந்ததால்தான் முடிந்தது. இங்கே கூட்டத்தில் பேசுபவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, அவரவர் பாடு என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது "அரசாங்கம் செய்யட்டும்". நகரங்களின் குடிநீருக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரத்துக்கு மத்திய அரசின் பங்கு மூன்றில் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் கடலூரில் 1.73 லட்சம் பேர், ஆக நாம் அந்த வரிசை. மீதியை மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும். மத்திய நிதிக்குழு உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைக்கும் மானியத்திலும் குடிநீருக்கென்று ஒதுக்கிய ஒரு பகுதி உண்டு. மெயின் குழாய்க்கும் தொட்டிக்கும் இதைவிட நல்ல பணம் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பெரிய திட்டங்களில் எண்ணப்படுவது புது இணைப்புதான். ஏற்கெனவே இணைப்பு இருக்கும் வீட்டில் பழைய பதினைந்தடியை மாற்றுவது எந்தக் கணக்கிலும் பெரிதாகத் தெரியாது. அந்தத் துண்டு விட்டுப்போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

மானியத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு, அது காகிதத்தில் இருக்காது. எங்கே தோண்ட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2021 சட்டம் காரீயக் குழாய்க்கென்று 15 பில்லியன் டாலர் ஒதுக்கியது. அதோடு, 2024 அக்டோபருக்குள் ஒவ்வொரு குடிநீர் அமைப்பும் எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்று பட்டியல் தர வேண்டியிருந்தது. நம்மிடம் அந்தப் பட்டியல் இல்லை. ஒரு சாவி, ஒரு காந்தம் போதும் அதைத் தயாரிக்க. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், கீறினால் மின்னி, தட்டினால் மந்தமாகச் சத்தம் வந்தால் காரீயம்.

புதுச்சேரியில் இருக்கும் என் தங்கை, "எங்க ஊர்ல இந்தத் தலைவலி இல்லைண்ணா" என்றாள். பாதி உண்மை. யூனியன் பிரதேசத்துக்கு அம்ருத் 2.0இல் மத்திய அரசு நூறு சதவீதமும் தருகிறது. ஆனால் நிதிக்குழுவின் வரம்புக்குள் புதுச்சேரி வராது, அந்த மானியம் அவர்களுக்குக் கிடையாது. அங்கே தண்ணீர் விடுவதும் நகராட்சி இல்லை, பொதுப்பணித் துறை. ஆக, நகராட்சி கடன் வாங்கிக் கட்டணத்தில் திருப்பிக் கட்டுவது என்ற பேச்சே அங்கே வேறு மாதிரி ஆகிவிடும். பாரதி பூங்கா நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஆயி தன் வீட்டையே இடித்துக் குளம் வெட்டினாள் என்று கதை சொல்கிறார்கள். முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் பட்டணத்துக்கு வந்த பிறகு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக மண்டபம் கட்டினார்கள். ஊர்த் தண்ணீரின் செலவு முழுக்க ஒருத்தி தலையில் விழுந்த கதை அது. அவளைக் கும்பிடலாம், ஆனால் எல்லா வீட்டுக்காரரும் ஆயி ஆவார் என்று எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது.

நமக்கு நாமே திட்டத்தை இரண்டு பேர் சொன்னார்கள். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பூங்காவுக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் அருமையான திட்டம். குழாய்க்கு இது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் பங்கைத் திரட்ட முடிந்த தெரு முன்னால் போகும். மஞ்சக்குப்பத்தில் வக்கீல்கள் இருக்கும் தெரு ஒரே வாரத்தில் திரட்டிவிடும். துறைமுகத்துப் பக்கம் மீன்பிடித் தடைக்கால அறுபத்தொரு நாளில் போய்க் கேட்டால் யார் என்ன கொடுக்க முடியும்? நஞ்சு எங்கே அதிகமோ அங்கே முதலில் தோண்ட வேண்டும். பணம் எங்கே சீக்கிரம் வருகிறதோ அங்கே தோண்டக் கூடாது.

எம்.எல்.ஏ. நிதி வருடத்துக்கு 3 கோடி, தொகுதி முழுவதுக்கும். எம்.பி. நிதி 5 கோடி. இரண்டும் பொதுச் சொத்துக்கானது, தனியார் காம்பவுண்டுக்குள் நுழையாது. தண்ணீர்ப் பரிசோதனைக் கருவிக்கோ பள்ளிக்கூடக் குழாய்க்கோ கேட்கலாம், அதற்கு மேல் இல்லை.

எனக்கு மனசுக்குப் பட்டது, கூட்டத்தில் யாருக்கும் பிடிக்காத வழிதான். மாநகராட்சி மொத்தமாகக் கடன் வாங்கி, தெரு தெருவாக மெயினிலிருந்து வீட்டுக் குழாய் வரை ஒரே வேலையாக மாற்றி, ஊரிலுள்ள எல்லா இணைப்புக்கும் தண்ணீர்க் கட்டணத்தில் கொஞ்சம் கூட்டி அடைப்பது. கட்டணம் என்றாலே முகம் சுளிக்கும். கணக்கைப் பாருங்கள்.

ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இது பேச்சுக்கு நான் எடுத்த தொகை, அளந்து பார்த்தால் கூடலாம் குறையலாம். 8 சதவீத வட்டியில் பத்து வருடக் கடன் என்றால் மாதம் சுமார் 146 ரூபாய். நான்கு வீட்டில் ஒன்றுக்குத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது, நான்கு பேரும் பகிர்ந்துகொள்கிறோம் என்றால் ஆளுக்கு மாதம் 36 ரூபாய் சொச்சம். இப்போது நம் வீடுகளில் 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்குகிறோம். கேன் 30 ரூபாய், இரண்டு நாளைக்கு ஒன்று என்றால்கூட மாதம் 450 ரூபாய். குழாயை நம்ப முடியாததற்கு ஏற்கெனவே நாம் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு அடி குழாய்கூட மாறவில்லை.

"என் வீடு புதுசு, ஈயக் குழாயே இல்லை, நான் ஏன் கொடுக்கணும்?" என்று ஒருவர் கேட்பார். கேட்டார். தெருவிளக்கு அவர் வாசலில் எரியாவிட்டாலும் அவர் வரியில்தான் அடுத்த தெருவில் எரிகிறது. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரத்தில் குழாய் முழுவதும், வீட்டு மீட்டர் வரை, தண்ணீர் வாரியத்துக்கே சொந்தம். அதனால் இந்தக் கேள்வியே எழவில்லை. 2004 முதல் 2016க்குள் 12,000க்கு மேற்பட்ட குழாய்களைக் கட்டணப் பணத்தில் மாற்றி முடித்தார்கள், செலவு சுமார் 4.45 கோடி டாலர். முழுக்கத் தோண்டாமல், பழைய குழாயை இழுத்து வெளியே எடுக்கும்போதே புதுச் செப்புக் குழாயை அதன் வாலில் கட்டி உள்ளே இழுக்கும் முறையையும் அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். எல்லா வீடும் ஒரே கையில் இருந்ததால் வேலை பழகப் பழகச் செலவும் இறங்கியது. ஆளாளுக்கு ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால் அந்தப் பழக்கம் யாருக்கும் சேராது, ரோடும் இருபது தடவை வெட்டுப்படும்.

வாடகைக்காரர் சிக்கலுக்கு அமெரிக்காவின் நியூவார்க் நகரத்தைப் பார்க்கலாம். முதலில் வீட்டுக்காரரும் கொஞ்சம் கட்ட வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். பிறகு 2019இல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் 12 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குக் கைகொடுத்தது. யாரிடமும் பணம் வாங்கவில்லை. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரரின் கையெழுத்துக்குக் காத்திருக்காமல், குடியிருப்பவர் கதவைத் திறந்தால் வேலை செய்யலாம் என்று நகரச் சட்டமும் போட்டார்கள். மூன்று வருடத்துக்குள் சுமார் 23,000 குழாய் மாறிவிட்டது. எனக்கு இதில் பணத்தைவிடப் பெரிதாகப் படுவது அந்தக் கதவு விஷயம். எங்கள் மாடிப் பெண் கதவைத் திறக்கத் தயார். அவள் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். நம் ஆலந்தூரில், அது தனி நகராட்சியாக இருந்தபோது, பாதாள சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட்டை மக்களே முன்கூட்டிக் கட்டினார்கள். வேலை 2000இல் தொடங்கியது. மக்கள் கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னவர்கள் தோற்றார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சாக்கடை கண்ணுக்குத் தெரியும், நாறும், கொசு கடிக்கும். காரீயம் எதையும் காட்டாது. அதனால் முன்பணம் கேட்கும் ஆலந்தூர் வழியைவிட, சின்னச் சின்னதாகக் கட்டணத்தில் சேரும் வழிதான் இதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். கடன் வாங்க மாநகராட்சி சிறியது என்பார்கள். 2002இல் 13 சிறிய உள்ளாட்சிகளைச் சேர்த்து, தமிழ்நாடு அரசின் கூட்டு நிதியம் சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் எல்லாம் சேர்ந்து நின்றால் அப்படி ஒன்று ஆகாத காரியம் இல்லை.

இந்த வழியிலும் குறை இருக்கிறது. 36 ரூபாய்கூட பாரமான வீடுகள் உண்டு. சொத்துவரி குறைந்த வீடுகளுக்கு விலக்கு, கடைக்கும் ஓட்டலுக்கும் திருமண மண்டபத்துக்கும் கூடுதல் என்று படி வைக்காவிட்டால் இது நியாயமாகாது. கூடுதல் பணம் தனிக் கணக்கில் போக வேண்டும், எந்தத் தெரு முடிந்தது என்று வார்டு அலுவலகச் சுவரில் மாதாமாதம் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

தள்ளிப்போடும் வழியையும் பேசினார்கள், தண்ணீரில் பாஸ்பேட் கலப்பது. குழாயின் உட்புறம் ஒரு பூச்சு படிந்து காரீயம் கரையாமல் காக்கும். பிரிட்டனில் இதை வருடக்கணக்காகச் செய்கிறார்கள். ஒரே இடத்தில் சுத்திகரித்து இடைவிடாமல் விடும் ஊருக்கு அது சரிவரும். போர்வெல் பல, குளோரின் மட்டும் கலந்து நேரம் பார்த்து விடும் நமக்கு, அளவு பிசகாமல் கலப்பது யார் பொறுப்பு? அமெரிக்காவின் பிளின்ட் நகரத்தில் 2014இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது அரிப்பைத் தடுக்கும் இந்த மருந்தைக் கலக்காமல் விட்டதில்தான் குழந்தைகள் பலர் பாதிக்கப்பட்டார்கள். வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. வைத்தால் காரீயம் நிற்கும், உண்மை. வாங்க முடிந்தவர் வீட்டில் மட்டும் நிற்கும்.

ஆக, வரும் ஞாயிறு கூட்டத்தில் நான் கேட்கப்போவது இவ்வளவு. மெயினுக்கு மானியம். வீட்டுத் துண்டுக்குக் கடனும் கட்டணமும். இரண்டும் ஒரே பள்ளத்தில், ஒரே தடவையில், தார் போடுவதற்கு முன். அதற்கு முன்னால் தெருவில் பத்து வீட்டின் காலை முதல் தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, அந்தச் செலவைச் சங்கமே ஏற்பது. மனுவில் வீட்டுக்காரர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

நேற்று மாடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: குழாய் மாறும் வரைக்கும் காலையில் முதல் இரண்டு குடத்தை வாசல் தெளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொள், குழந்தைக்கு மூன்றாவதில் பிடி. "தண்ணி வர்றதே ஒரு மணி நேரம்தாண்ணே" என்றாள். ஆனாலும் இன்று காலை வாசலில் இரண்டு குடம் தனியாக இருந்தது.